பூசைக்கு மினுக்கிய சங்கிலி

பட்டறைத் தம்பிகளுக்கு,

உங்கள் வாசகசாலைச் செயலாளர் போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் என் வீடு தேடி வந்தார். கையெழுத்துப் பத்திரிகைக்கு, முப்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை எழுதித் தரவேண்டும் என்றார். நான் கற்றுக்கொண்டது அரைப் பக்கத்துக்குக்கூட வராது என்றேன். மீதிப் பக்கங்களை என் தவறுகளைக் கொண்டு நிரப்பலாம் என்றார். அந்த இளைஞர் முன்னுக்கு வருவார்.

தவறுகளுக்குக் குறைவில்லை. பட்டறையின் வெள்ளைக்காரத் துரையின் சைக்கிளைப் பழுதுபார்க்கிறேன் என்று பிரித்து, திரும்பப் பூட்டியபோது நான்கு உருப்படிகள் மிஞ்சியது அவற்றுள் ஒன்று. அதையெல்லாம் தேநீர்க் கடையிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் மரியாதைக்குச் சிரித்திருக்கிறீர்கள். சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், நான் எப்படிப் பெரிய ஆளானேன் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரிய ஆளானதால் வந்த வினை இது.

செமினிப் பக்கத்து ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து ஒரு பம்புத் தண்டு நம் பட்டறைக்கு அடிக்கடி வரும். தடித்த பகுதி மெலிந்த பகுதியோடு சேரும் மூலையில், எப்போதும் அதே இடத்தில், அது முறியும். புதிது செய்து அனுப்புவோம். இரண்டு மாதத்தில் அதுவும் முறிந்து வரும். சுரங்கக்காரர் எங்களைத் திட்டுவார், நாங்கள் இரும்பு விற்றவனைத் திட்டுவோம். உலகம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். உலோகங்களைப் பற்றியது. அட்டையும் முதல் நாற்பது பக்கமும் கிடையாது. எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எச்சரிக்கைகளெல்லாம் அந்த நாற்பது பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

அதில் படித்ததை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இரும்பு கண்ணுக்கு ஒரே கட்டிதான். உள்ளே அது பருக்கை பருக்கையாக இருக்கிறது, குழையாமல் வடித்த சோறு போல. சூடு காட்டாமல் அதன்மேல் சுத்தியலால் தட்டினால் மேலடுக்குப் பருக்கைகள் நசுங்கித் தட்டையாகி நெருங்கிக்கொள்கின்றன. உள்ளே இருப்பவை பழையபடியே இருக்கின்றன. ஆக, இரும்புக்கு ஒரு கெட்டித் தோல் உண்டாகிறது. விரிசல் என்பது பெரும்பாலும் மேலே தொடங்கி உள்ளே போவது. தோல் இறுகியிருந்தால் விரிசலுக்கு வாய் திறக்க இடமில்லை.

இதைப் படித்துவிட்டு, அடுத்த பம்புத் தண்டின் மூலையைச் சிறிய உருண்டைத் தலைச் சுத்தியலால், அம்மி கொத்துவதுபோல், சுற்றிச் சுற்றித் தட்டி அனுப்பினேன். இரண்டு மாதம் கழிந்தது. ஆறு மாதம் கழிந்தது. ஒரு வருஷமாயிற்று. தண்டு வரவில்லை, சுரங்கக்காரர் ஒரு கூடை மங்குஸ்தீன் அனுப்பினார். துரை என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். பட்டறையில் என்னைத் 'தோல் டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் கோபப்படுவதாகப் பாவனை செய்தேன். உள்ளுக்குள் அந்தப் பெயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். எதைக் கண்டாலும் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

இனி சங்கிலி. அப்போது நம் பட்டறையில் பெரிய பாரங்களைத் தூக்க ஒரு கைக்கிரேன் இருந்தது. அதை இயக்கியவர் சவரிமுத்து. பதினோரு வருஷமாக அதன் பிடியைச் சுற்றியவர். வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அண்ணே என்பார். பாரம் தொங்கும்போது பேசமாட்டார். பாரம் இறங்கிய பிறகு நிறுத்தமாட்டார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரேன் சங்கிலியைக் கழற்றி அடுப்பில் போடுவது வழக்கம். நாள்தோறும் கண்ணியோடு கண்ணி இடித்தும் உரசியும் சங்கிலிக்குத் தானாகவே ஒரு கெட்டித் தோல் வந்துவிடும். அதை மெல்லப் பழுக்கவைத்துச் சாம்பலுக்குள்ளேயே ஆறவிட்டால், நசுங்கிய பருக்கைகள் இருந்த இடத்தில் புதுப் பருக்கைகள் உண்டாகும். சங்கிலி மறுபடி இளகும். இது எனக்கு முந்தைய தலைமுறை, புத்தகம் எதுவும் படிக்காமல் செய்துவந்த வேலை.

அந்த வருஷம் சங்கிலியின் முறை ஆயுத பூசைக்கு முந்தைய வாரம் வந்தது. அடுப்பிலிருந்து வெளிவரும் சங்கிலி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கன்னங்கரேல் என்று, சொறி பிடித்த நாய்போல் செதில் செதிலாக இருக்கும். பூசைக்குத் துரையும், புதிதாக ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய மனைவியும் வருவதாக இருந்தது. கடைசல் இயந்திரத்திலிருந்து கைச்சுத்தியல் வரை எல்லாம் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருக்க, நடுவில் அந்தக் கிரேனில் கருகிய சங்கிலி தொங்குவதா? எனக்கு மனசு வரவில்லை. நான் அப்போது சார்ஜ்மேன், பட்டறை ஆட்களுக்கு மேலாள். பூசைக் கமிட்டித் தலைவரும் நானே.

ஆகவே ஒரு யோசனை செய்தேன். அடுப்பு வேண்டாம். கண்ணி கண்ணியாக உருண்டைச் சுத்தியலால் தட்டி, துருவும் அழுக்கும் உதிர்ந்ததும் மணல்போட்டுத் தேய்த்தால் வெள்ளி மாதிரி ஆகிவிடும். தோலும் இறுகும். பம்புத் தண்டுக்கு நல்லதானால் சங்கிலிக்கும் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நின்ற இடத்தில் உழைக்கிற தண்டு வேறு, திடீரென்று இழுபட்டு நீண்டு கொடுக்கவேண்டிய சங்கிலி வேறு. கெட்டித் தோல் நீண்டு கொடுக்காது. வெடிக்கும். அந்த வெடிப்பு உள்ளே ஓடும். இது என் புத்தகத்திலேயே இருந்தது, தொலையாத பக்கத்தில். படித்தும் இருந்தேன். ஆனால் அந்தப் பக்கம் எனக்கு மங்குஸ்தீன் வாங்கித் தந்ததில்லை.

நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து வந்து நின்றார்.

"அண்ணே, சங்கிலி அடுப்புக்குப் போகலையா? ஆறு மாசம் தாண்டிருச்சே."

"பூசை முடியட்டும், போடலாம்."

"இப்படித் தட்டினா இன்னும் வெறைச்சுப் போகாதா? எனக்குப் படிப்பு இல்ல, கேக்கறேன்."

நான் தலை நிமிராமல் சொன்னேன்: "பூசை உங்க சாமிக்கு இல்லையே, சவரி. உனக்கு என்ன அவசரம்?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "சரிண்ணே, உங்க சாமி பாத்துக்கட்டும்லா" என்று போய்விட்டார். ஹாஸ்யமாகப் பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பூசை அமோகமாக நடந்தது. சங்கிலி ஜொலித்தது. சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டோம். துரையின் மனைவி சங்கிலியைக் காட்டி ஏதோ சொல்ல, துரை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சுண்டல் தீர்ந்துபோயிற்று.

மறுநாள் சங்கிலியை அடுப்பில் போட்டிருக்கலாம். அவசர வேலை ஒன்று வந்தது. அதன் பிறகு வேறொன்று வந்தது. சங்கிலி பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததால், அதற்கு ஏதும் குறை இருக்கும் என்று தோன்றவே இல்லை.

பூசை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு காலை வேளை, ரப்பர்த் தோட்டத்துக்குப் போகவேண்டிய வார்ப்பிரும்பு உருளை ஒன்றை லோரியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி இறங்கியபோது லோரிக்காரர், இடம் சரியில்லை நிறுத்து என்று கத்தினார். சவரிமுத்து நிறுத்தினார். நீங்களும் நிறுத்தியிருப்பீர்கள். அப்படி நிறுத்தும்போது வரும் குலுக்கலைச் சங்கிலி தாங்கவேண்டும். அதற்காகத்தான் அது இருக்கிறது.

சங்கிலி அறுந்தது. உருளை லோரியின் பலகையை உடைத்துக்கொண்டு தரையில் விழுந்து இரண்டானது. அறுந்த முனை சாட்டைபோல் திரும்பிச் சவரிமுத்துவின் வலது முழங்கையில் அடித்தது. அவர் கிரேன் காலடியில் விழுந்தார்.

நான் ஓடினேன். இங்கேதான் உங்களிடம் சொல்லக் கூசுகிறது. நான் முதலில் குனிந்தது அவரிடம் அல்ல. அவருக்கு ஒரு கை தூரத்தில் கிடந்த அறுந்த கண்ணியிடம்.

நல்ல இரும்புக் கண்ணி அறுந்தால் மூங்கில் ஒடிந்ததுபோல் நார்நாராகத் தெரியும். இது கற்கண்டு உடைந்ததுபோல் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பின் விளிம்பில், நகக்கண் அளவுக்கு ஒரு பிறை மட்டும் மங்கலாக இருந்தது. பழைய விரிசல். அந்தப் பிறை சிவந்திருந்தது. ரத்தம் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. குங்குமம்.

அதன் அர்த்தம் எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. பூசையன்றே விரிசல் இருந்திருக்கிறது. எங்கள் சுத்தியல் அதன் உதடுகளை நசுக்கி மூடிவிட்டது. கண்ணி கண்ணியாகப் பார்த்த என் கண்ணுக்கு அது தப்பிவிட்டது. சந்தனத்தோடு கரைந்த குங்குமம் மட்டும் வழி கண்டுபிடித்து உள்ளே போயிருக்கிறது.

இடுப்பிலிருந்த எண்ணெய்த் துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தேன். முறிந்த உருப்படியைத் துடைத்துப் பார்ப்பது வழக்கம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துடைத்த பிறகுதான் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினேன். அதற்குள் மற்றவர்கள் அவரைத் தூக்க வந்துவிட்டார்கள்.

துரை என்னை அறைக்குக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார். சவரிமுத்து திடீரென்று நிறுத்தினானா? நிறுத்தினார் என்றேன். அவனுக்கு அது வழக்கமா? மெதுவாக நிறுத்தும்படி பல தடவை சொல்லியிருக்கிறேன் என்றேன். எல்லாரிடமும்தான் சொல்லியிருந்தேன்; அவனிடம் மட்டுமா என்று துரை கேட்கவில்லை. சங்கிலியை யார் பார்த்தது? பூசைக்கு முன் ஒவ்வொரு கண்ணியாக நானே பார்த்தேன் என்றேன். மூன்றும் உண்மை. மூன்று உண்மைகளை வைத்து ஒரு முழுப் பொய்யைக் கட்டி முடித்தேன். பட்டறையில் நான் செய்த சுத்தமான வேலை அது என்று சொல்லலாம்.

சவரிமுத்துவுக்கு வேலை போயிற்று. வேலையோடு பட்டறை வீடும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கை குணமாகியிருந்தது, ஆனால் முழங்கை மடங்கவில்லை. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். அங்கே மச்சான் வீடு இருந்தது. ரயிலேற்றிவிடப் பட்டறையிலிருந்து பத்துப் பேர் போனார்கள். எனக்கு அன்று தலைவலி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத பட்டறையில், அந்தச் சங்கிலியிலிருந்து ஆறு கண்ணிகளை வெட்டி எடுத்தேன். மூன்றை உலையில் பழுக்கவைத்துச் சாம்பலில் ஆறவிட்டேன். மூன்றை அப்படியே வைத்தேன். சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பட்டடைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். அடுப்புக்குப் போனவை வளைந்தன, நெளிந்தன, கடைசியில் நார்நாராகக் கிழிந்தன. நான் மினுக்கியவை இரண்டே அடியில் கற்கண்டாக உடைந்தன. அதுவரை எனக்குச் சந்தேகம் என்ற ஒரு சௌகரியம் இருந்தது. அன்றோடு அதுவும் போயிற்று. திங்கட்கிழமை மீதிச் சங்கிலியைப் பழைய இரும்போடு போடச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் ஓடியது. துரை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும் மாதம் வந்தபோது, அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இனி அவரால் எனக்கு ஒரு கெடுதலும் வராது என்பது உறுதியான பிறகு எனக்கு நேர்மை வந்துவிட்டது. அவர் சுங்கானில் புகையிலையை அடைத்துப் பற்றவைத்தார். பிறகு, வாசற்காவல் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, அவனைக் கூப்பிட்டுக்கொள் என்றார். அத்தோடு தன் பெட்டிகளைக் கட்டப் போய்விட்டார்.

கிள்ளானுக்கு ரயிலேறினேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். மன்னிப்பு ஓர் இடத்தில், வேலை இன்னோர் இடத்தில், நடுவில் ஒரு சின்ன ஹாஸ்யம் என்று ஒழுங்காக அடுக்கியிருந்தேன்.

சவரிமுத்து ஒரு தேங்காய் எண்ணெய்க் கிடங்கில் காவல்காரராக இருந்தார். வீடு கோயிலுக்குப் பின்னால். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்கய்யா."

'அண்ணே' போய்விட்டது. நான் அடுக்கி வைத்திருந்த பேச்சும் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது. அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்த நேரத்தில் கோயில் மணி அடித்தது. அவர் இடது கையால் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். வலது கை, ஓரமாகச் சாத்திவைத்த குடைபோல், நேராகத் தொங்கியது.

அடுக்கியது போய்விட்டதால் எடுத்த எடுப்பிலேயே சொன்னேன். விரிசல் பூசையன்றே இருந்தது, உள்ளே குங்குமம் இருந்தது, நான்...

"துடைச்சீங்க" என்றார். "பார்த்துட்டுத்தானே கிடந்தேன்."

என்னால் காப்பியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

"தெரிஞ்சிருந்தும் ஏன் துரைகிட்டச் சொல்லல, சவரி?"

"நான் எப்படிச் சொல்றது, ஐயா? குங்குமம் வச்ச சங்கிலி அறுந்திச்சுன்னு ஒரு வேதக்காரன் சொன்னா, பட்டறையில அதை யாரு இரும்புச் சமாச்சாரமா எடுத்துக்குவா? பூசையைப் பழிக்கிறான்னு ஒரு பக்கம் கிளம்புவாங்க, எங்க வேதக்காரங்க ஒரு பக்கம் கிளம்புவாங்க. பதினோரு வருஷம் ஒண்ணா உக்காந்து சோறு தின்ன எடம். நீங்க சொல்லியிருந்தா அது இரும்போட போயிருக்கும். நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"எவ்வளவு நாள் பார்த்தே?"

"ரயிலேறுற வரைக்கும்."

வாசற்காவல் வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார். கோபமாகக்கூட இல்லை; கடையில் வேண்டாத சரக்கை வேண்டாம் என்பதுபோல்.

"துரைகிட்டச் சொன்னீங்க, சரி. பட்டறை ஆளுங்ககிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"துரை எனக்கு யாரு? நம்ம ஆளுங்கதான் நான் கை நழுவ விட்டவன்னு நெனச்சிட்டு இருக்காங்க. பத்துமலைத் திருவிழா லீவு அன்னிக்கு, இந்த ஊர் ஸ்டேஷன்லயே பட்டறை ஆளுங்க ரெண்டு பேரு என்னைப் பார்த்தாங்க. பாவம் சவரி, வயசாயிருச்சு, பிடி தப்பிருச்சுன்னு சொல்லி, கையில அஞ்சு வெள்ளிப் பணத்தத் திணிச்சிட்டுப் போனாங்க. எனக்கு அது வேணாம். பிடி தப்பலன்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ரயிலேறி வரும்போது, மறுநாள் காலை மணி அடித்ததும் எல்லாரையும் கிரேன் அடியில் கூட்டிச் சொல்வதாக இருந்தேன்.

மறுநாள் புதுத் துரை வந்திருந்தார். புது ஆள் முன்னால் வேண்டாம் என்று தள்ளினேன். பிறகு ரப்பர் விலை விழுந்து ஆட்குறைப்பு வந்தது. அந்தச் சமயத்தில் தன் தலையைத் தானே நீட்டுகிறவன் யார்? பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. உயர்ந்தவன் சொன்னால் கட்டுப்பாடு கெடும் என்று எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது. நியாயம் கண்டுபிடிப்பதில் நான் ஒருநாளும் சோர்ந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் பூசைக்கு முந்தைய வாரம் சங்கிலியை அடுப்பில் போட்டுக் கறுப்பாகவே தொங்கவிடச் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்டபோது, அதுதான் முறை என்று முறைத்தேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

சுத்தியலைப் பற்றி நான் சொல்லக்கூடிய புத்தி கொஞ்சம்தான். தட்டுவதால் இரும்பு மாறுகிறது என்று தெரிந்துகொள்வது எளிது. இந்த உருப்படி என்ன வேலைக்குப் போகிறது, அதற்கு இந்த மாற்றம் ஆகுமா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போன தடவை கிடைத்த பாராட்டை அந்தக் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்டால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள்.

நான் இப்போது ஓய்வு பெற்றவன். எழுதுவதால் எனக்கு நஷ்டம் எதுவும் கிடையாது; ஆகவே இதை நல்ல காரியமாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். நான் துரையிடம் போய்ச் சொன்ன அதே விதமான நேர்மைதான் இதுவும். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பழைய ஆட்கள் புதியவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்: சவரிமுத்துவின் பிடி தப்பவில்லை. சங்கிலியைக் கெடுத்தவன் நான். விரிசலைத் துடைத்தவனும் நான்.

அவர் இன்னும் கிள்ளானில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து பத்து மணிக்குமேல் வீட்டில் இருப்பார். நீங்கள் போனால் காசு கொண்டுபோகாதீர்கள். இந்தப் பக்கங்களை எடுத்துப்போய் அவர் எதிரிலேயே படியுங்கள். உள்ளே நுழையும்போது முதலில் நீங்கள் கும்பிடுங்கள். அவருக்குக் கை கூப்ப வராது.